வண்டி சொல்லும் சேதி

கணக்கு வகுப்பிலே ஒரு மாணவன் தவறான விடையை எழுதிக் கொண்டுவருகிறான். சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துத் திருப்பித் தருவது எளிது. ஆனால், எந்த வரியில் பிழை புகுந்தது என்று பின்னோக்கித் தேடிக் காட்டினால்தான் அவன் மறுமுறை சரியாகப் போடுவான். பல ஆண்டுகள் நான் பிறருக்குச் சொன்ன இந்தப் பாடத்தை, ஓய்வு பெற்ற பிறகு ஒரு மோட்டார்ப் பட்டறையில் நானே மாணவனாக நின்று கற்க நேர்ந்தது.

நான் வாங்கிய பழைய கார் ஒன்று, நேரான சாலையிலும் இங்குமங்கும் அலைந்தது. முன் டயர்கள் விரைவில் தேய்ந்தன. டயர்தான் பழுது என்று எண்ணி, இரண்டு புதிய டயர்களை மாட்டினேன். சில மாதங்களில் அவையும் அவ்வாறே தேய்ந்தன. பேரக்குழந்தைகளுடன் ஏற்காட்டுக்குப் புறப்பட இருந்த நாளுக்கு முன்தினம், பட்டறையிலிருந்த முதிய மெக்கானிக் அந்த டயரை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். "டயர்மேல குத்தமில்லீங்க ஐயா, குத்தம் வேற எடத்துல இருக்குது" என்றார்.

அவர் கண்ட குற்றம் யாது என்பதைச் சொல்லுமுன், வண்டியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

சாலையின் மேடுபள்ளத்தை உடலுக்கு எட்டாமல் தடுப்பது சஸ்பென்ஷன் என்னும் தாங்கு அமைப்பு. இதில் இருவர் கூட்டாக வேலை செய்கின்றனர். ஒருவர் வில், மற்றவர் ஷாக் அப்சார்பர். வில் பலவகைப்படும். 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரின் பின்புறத்தில் அடுக்கடுக்கான பட்டை வில்லும், முன்புறத்தில் முறுக்குத் தண்டும் இருந்தன. இன்றைய கார்கள் பலவற்றில் சுருள் வில்லைக் காண்கிறோம். சுமைக்குத் தக்க அளவில் வில் நீளும் அல்லது அமுங்கும் என்ற விதியை, இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ல் விளக்கி வெளியிட்டார். ஆனால் அமுங்கிய வில் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். தனியே விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அத்துள்ளலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அதனுள்ளிருக்கும் எண்ணெய், சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது, துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

இனி ஸ்டியரிங். வண்டி வளையும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கான அமைப்புக்கு 1818-ல் இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். அன்று அது குதிரை வண்டிகளுக்காக! ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்பவை டை ராடுகள். அவற்றின் முனையில் கிண்ணமும் குண்டுமாக அமைந்த மூட்டு இருக்கிறது. நம் தோள்மூட்டைப் போன்றது அது. குண்டு தேய்ந்தால் கிண்ணத்தில் ஆட்டம் காணும். சக்கரம் தன் திசையில் நிலைகொள்ளாது.

பழுது எங்கே என்று எவ்வாறு அறிவது? முதற்சாட்சி டயரே. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. உள்ளங்கையால் தடவும்போது இரம்பப் பல்போல் உறுத்தினால், சக்கரங்கள் ஒன்றற்கொன்று இணையாக நில்லாமல் விலகியிருக்கின்றன. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால், ஷாக் அப்சார்பரை ஐயுறலாம். வண்டியின் ஒரு மூலையை நன்றாக அழுத்திக் கைவிடுங்கள். ஒரு முறை எழுந்து அமைதியானால் நலம். மீண்டும் மீண்டும் ஆடினால் அது தளர்ந்துவிட்டது.

வண்டி ஒரு புறமாக இழுத்தால், முதலில் காற்றின் அளவைப் பாருங்கள். பிறகு முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரே காரணம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கை ஆராய வேண்டும்.

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்; நில்லாவிடில் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து அசைத்து ஆடினால், பெரும்பாலும் டை ராடு முனையிலோ ஸ்டியரிங் பெட்டியிலோ தேய்வு இருக்கும்.

என் வண்டியில் ஆடியது இடப்பக்கத்து டை ராடு முனை. குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வரும் நிலையில் இருந்தது. "இது கழண்டா நீங்க ஒரு பக்கம் திருப்புவீங்க, சக்கரம் வேற பக்கம் போகும்" என்றார் அவர். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. அவற்றுள் எந்த வளைவில் அது கழன்றிருக்கும் என்று நினைத்தபோது, எனக்கு வியர்த்துவிட்டது.

பழுது பார்ப்பதிலும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணிக்கொண்டார். புதியதை அத்தனை சுற்றே திருகினார். நட்டிலுள்ள வெட்டு ஊசித்துளைக்கு நேராக வாராதபோது, நட்டைத் தளர்த்தாமல் மேலும் சிறிது இறுக்கியே பொருத்தினார். பழைய ஊசியைப் போட மறுத்துப் புதியதை மாட்டினார். இறுதியில் சக்கர நேர்த்தியைச் சரிபார்த்தார். அதைச் செய்யாவிட்டால் புதிய உறுப்பும் டயரைத் தின்னும்.

வேறு சில விதிகளையும் அவரிடமே கற்றேன். ஷாக் அப்சார்பர்களை ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இரப்பர் முறுக்குண்டு கிழியும். அமுங்கிய சுருள் வில்லை உரிய கருவியின்றிக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது.

நாங்கள் ஒரு நாள் தாமதித்தே ஏற்காடு சென்றோம். வண்டி கோடு போட்டாற்போல் ஓடியது. நான் இருமுறை வாங்கிய டயர்களின் விலையோடு ஒப்பிட்டால், அந்த முனையின் விலை மிகச் சிறிது. விடையை மட்டும் திருத்த முயன்று, பிழை புகுந்த வரியைத் தேடாமல் விட்டவன் நானே.

நேயர்களே, வண்டி ஓசையாலும், அசைவாலும், தேய்வாலும் முன்னரே சேதி சொல்லத் தவறுவதில்லை. அதைக் கேட்கும் பொறுமை நமக்கு இருந்தால், உள்ளே அமர்ந்திருப்பவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.