உங்களுக்குத் தெரியுமா? – நாடகம், கூத்து, வாயாங்

ஈப்போ காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, பொய்யாக நடந்துகொள்ளும் ஒருவரை 'நாடகம் ஆடாதே' என்று தமிழிலும் திட்டலாம், மலாயிலும் திட்டலாம், ஆங்கிலத்திலும் திட்டலாம். எந்த மொழியானாலும் அடி விழுவது நடிகர் தலையில்தான். அந்தச் சொற்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போமா?

● 'டிராமா' கிரேக்கச் சொல். 'செய்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். வாயால் சொன்னால் கதை; ஆள் வந்து செய்து காட்டினால் டிராமா. 'தியேட்டர்' என்பதும் கிரேக்கம்தான். அதற்குப் 'பார்க்கும் இடம்' என்று பொருள்.

● மலாயில் நாடகத்தைக் குறிக்கும் 'லாக்கோன்' ஜாவா மொழி வழியே வந்தது. அதற்குள் இருக்கும் 'லாக்கு'வுக்கும் செய்கை, நடத்தை என்றே பொருள். நடிப்பவர் 'பெலாக்கோன்'. ஈப்போவில் பிறந்து, 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய மிஷெல் யோவும் மலாய்ப் பத்திரிகைகளில் பெலாக்கோன்தான்.

● 'நாடகம்' என்ற சொல்லுக்கு வடமொழியில் ஆட்டத்தோடு உறவு. தமிழின் பழைய சொல் கூத்து. தொல்காப்பியம் 'நாடக வழக்கு', 'உலகியல் வழக்கு' என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறது. புனைந்து அழகுபடுத்துவது முன்னது. உலகத்தில் நடப்பதை ஒட்டியது பின்னது. அங்கே நாடகம் வசைச்சொல் அல்ல, இலக்கிய முறை.

● சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடைக்கு அளவே உண்டு. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். திரையும் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்து வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. அன்று திரைக்குப் பெயர் 'எழினி'.

● பின்னாளில் நாடகக் கம்பெனிகள் அரண்மனை, காடு, மயானம் என்று வரைந்து தொங்கவிட்ட படுதாக்களுக்கு 'சீன்' என்று பெயர். இன்று பந்தா காட்டுபவரை 'சீன் போடுகிறான்' என்கிறோம். ஆள் மாறிவிட்டார்; போடுவது மட்டும் அதே சீன்.

● ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாம் ஆங்கிலப் 'பார்ட்' தமிழ் மேடையில் பெற்ற பிள்ளைகள். கோமாளியான 'பபூன்' ஆங்கில 'பஃபூன்'. இந்த வேடங்கள் வலம்வந்த மேடைக்கு 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களை எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922).

● 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் சிறப்பு நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி, ஒத்திகை இல்லாமலே ஓர் இரவுக்கு ஒன்றாக மேடையேற்றுவது. எல்லாருக்கும் கதையும் பாட்டும் மனப்பாடம் என்பதால்தான் அது சாத்தியமானது.

● 'பங்சாவான்' என்ற மலாய் நாடகத்துக்குத் தாய்வீடு இந்தியா! 1870களில் பினாங்கு வந்து ஆடிய பார்சி நாடகக் குழுக்களை ஊர் மக்கள் 'வாயாங் பார்சி' என்றார்கள். அதைப் பார்த்து 1885இல் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் மலாய்க் குழு தொடங்கினார். பங்சாவான் என்றால் பிரபுக்கள், மேன்மக்கள். மேடையில் வருபவர்கள் பெரும்பாலும் ராஜாக்கள், ராணிகள் என்பதால் பெயர் பொருந்திப்போனது.

● 1934இல் திரைக்கு வந்த தொடக்ககால மலாய்ப் படம் 'லைலா மஜ்னுன்'. இயக்கியவர் இந்தியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ், நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்கள்.

● 'வாயாங்' முதலில் நிழற்பாவைக் கூத்து. பிறகு எந்த ஆட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று; படம் வந்ததும் படத்துக்கும் ஒட்டிக்கொண்டது. திரையரங்கைக் குறிக்கும் 'பவாகாம்' என்பது 'பங்கோங் வாயாங் கம்பார்' என்ற மூன்று சொற்களின் சுருக்கம்.

● சீனர்களின் ஏழாம் மாதத்தில் கோயில் முன்னால் நடக்கும் 'சீன வாயாங்'கில் முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். இடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அவை ஆவிகளுக்கு!

● பேராக் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுப்பு. ஆகவே விடிய விடியக் கூத்து நடத்த, மறுநாள் பால்வெட்டு இல்லாத இரவுதான் தோது. தோட்டத்து மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் ஒன்று, மாசி மாதத்துக் காமன் கூத்து. சிவன் காமனை எரித்தாரா இல்லையா என்று 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' பிரிந்து லாவணியில் வாதாடுவது அதன் தமிழ்நாட்டு மரபு. பட்டிமன்றத்துக்கு மூத்த அண்ணன்.

● 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தது ஈப்போவில். அந்தச் சீர்திருத்தக் காற்று மேடைக்கும் வந்தது. அரிச்சந்திரன் சுடுகாடு காத்த அதே தோட்டத்து மேடையில் சாதியையும் கள்ளையும் சாடும் 'சமூக நாடகங்கள்' ஏறின.

● தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து மக்கள் நகரங்களுக்குச் சிதறியதும் மேடையும் கலைந்தது. பெயர் கலையவில்லை. மலேசியாவில் 1963 டிசம்பர் 28 அன்று வந்த தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. இன்று வீட்டில் 'நாடகம் தொடங்கிடுச்சி' என்றால் யாரும் வேட்டியை மடித்துக்கொண்டு திடலுக்கு ஓட மாட்டார்கள், ரிமோட்டைத்தான் தேடுவார்கள். மலாய்க்காரர் வீட்டிலும் 'டிராமா' என்றால் தொடர்தான்.

● தோட்டத்து மக்களின் அந்தச் சிதறலைச் சொல்லும் மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' (2015). இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். கெட்ட என்று பொருள்படும் மலாய் 'ஜஹாட்' தமிழ் நாக்கில் உருண்டு வந்த வடிவமே தலைப்பு.

● இனி, வசைக்கு வருவோம். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் நாடகத்துக்கு வழங்கும் 'சண்டிவாரா' என்ற சொல்லை 'மறைபொருளாகப் போதிப்பது' என்று பிரித்துச் சொல்வார்கள். அதிலிருந்து பிறந்த 'பெர்சண்டிவாரா'வுக்குப் பாசாங்கு என்று அர்த்தம் வந்துவிட்டது. போலி ஆசாமியைக் குறிக்கும் ஆங்கில 'ஹிப்போக்ரிட்', கிரேக்கத்தில் வெறும் மேடை நடிகர்!

● தமிழில் 'கூத்தடிக்காதே', 'வேஷம் போடாதே' என்று நாமும் சளைக்கவில்லை. ஆனால் கூத்தன் என்பது சிவனுக்கே பெயர். ராஜராஜேசுவர நாடகத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று கல்வெட்டே உண்டு. அதை வழங்கிய இரண்டாம் ராஜேந்திரன், நம் பேராக்குக்கு வடக்கே இருக்கும் கடாரத்தை வென்றவனின் மகன்.

● அதே கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஒரே பெயர்: 'ஆடவல்லான்'. நாடகம் ஆடுபவன் என்றால் ஏமாற்றுக்காரன் என்கிறது பேச்சு வழக்கு. பிசகாத அளவுக்கு ஆட்டக்காரன் பெயரைச் சூட்டினான், அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன்.