வேது என்னும் சொல்

மக்கள் வழக்கிற் பெரிதும் பயின்று, நூல் கற்றோர் நாவிற் குறைந்து வழங்கும் சொற்கள் தமிழிற் பலவுள. அவற்றுள் ஒன்று "வேது" என்பது. சளியால் மூக்கடைத்துத் தலை கனத்திருப்பவரை நோக்கி, "வேது பிடித்தாற் சுகமாகும்" என்று நாட்டுப்புறத்து முதியோர் கூறுவர். நகரத்தார் அதனையே "ஆவி பிடித்தல்" என்பர். இவ்வழக்குகளின் பொருளை ஆராய்ந்து, அண்மையிற் றோன்றிய ஒரு பழக்கத்திற்கு இவற்றைப் பெயராக ஈதல் தகுமோ என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் சொல்லின் பிறப்பை நோக்குவோம். வேதல், வேக்காடு, வேனில் என்பனவும், வெம்மை, வெயில், வெந்நீர், வெதுப்பு, வெதுவெதுப்பு என்பனவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். வேது என்பதும் அக்குடும்பத்தின் மகவே. ஆகலின் அதன் அடிப்படைப் பொருள் வெப்பம் என்பதாம். வெப்பத்தாற் செய்யும் பரிகாரமும், சிறப்பாக மூலிகையிட்ட வெந்நீரின் ஆவியை உடலில் ஏற்பதும் அதன்வழி வந்த பொருள்கள். மலையாள நாட்டில் மகப்பேற்றின் பின்னர்த் தாய்க்கு மூலிகை வெந்நீராற் செய்விக்கும் குளியலை "வேதுகுளி" என்பர். ஆண்டு ஆவியினும் வெப்பமே தலைமை பெறுதல் நம் கருத்துக்கு அரண் செய்கின்றது.

ஆவி என்பதோ வேறு வழியில் விரிந்த சொல். கொதிக்கும் நீரினின்று எழுவதும் ஆவி, நெட்டுயிர்ப்பும் ஆவி, உயிரும் ஆவி. நன்னூலார் உயிரெழுத்தை ஆவி என்றே குறிப்பர். எபிரேயத்தில் "ரூவாக்" என்பதும் கிரேக்கத்தில் "நியூமா" என்பதும் காற்று, மூச்சு, ஆன்மா என்னும் பொருள்களை ஒருங்கே தாங்குவன. அவற்றிற்கு நேராகத் தமிழ் வேதாகமத்தில் ஆவி என்னும் சொல் அமைந்தது பொருத்தமுடைத்து. பேயையும் ஆவி என்பராதலின், "அவனை ஆவி பிடித்தது" என்றால் அஞ்சுகின்றோம். "அவன் ஆவி பிடித்தான்" என்றால், சளி நீங்கிற்றா என்று வினவுகின்றோம். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறின் எத்துணை வேறுபாடு!

இனி, "பிடித்தல்" என்னும் வினையின் அழகையும் காண்க. ஆவி நில்லாது ஓடும் பொருள். நொச்சியிலை முதலியன இட்டுக் காய்ச்சிய நீர்ப்பானையின்முன் அமர்ந்து, போர்வையால் தலையை மூடி, ஓடும் ஆவியைத் தடுத்து ஏற்கின்றோம். ஓடுவதை ஓடவொட்டாமற் கொள்வதே பிடித்தல் அன்றோ? புகையையும் பிடித்தல் என்கின்றோம். சுருட்டையும் பீடியையும் "குடித்தல்" என்றலும் உண்டு. ஆயினும் வேதினைக் "குடித்தல்" என்பார் ஒருவருமிலர். குடித்தல் என்பது பழக்கத்தையும், வேது பிடித்தல் என்பது பரிகாரத்தையும் உணர்த்துதலே இதற்குக் காரணம் போலும்.

இவ்வேறுபாட்டைச் சித்த மருத்துவமும் பேணிற்று. அம்மருத்துவத்தார் புறமருந்து 32 என வகுத்து, அவற்றுள் ஒற்றடம், வேது, புகை, நசியம் என்பவற்றைத் தனித்தனியே எண்ணினர். வெம்மையுடைய பொருளை உடலில் ஒற்றுவது ஒற்றடம். ஆவியை ஏற்பது வேது. மருந்தை எரித்து எழுவிப்பது புகை. மூக்கின்வழி மருந்து செலுத்துவது நசியம். பொருள் வேறுபட்டவிடத்துப் பெயரையும் வேறுபடுத்திய அவர்தம் நுண்மை பாராட்டற்குரியது.

நிற்க. சீனநாட்டு மருந்தாளர் ஹான் லிக் என்பார் 2003 ஆம் ஆண்டில் மின்சிகரெட்டு ஒன்றை அமைத்தார். அது புகையிலையை எரியாது, நிகோட்டின் கலந்த நீர்மத்தை நுண்டுளிப் படலமாக்கித் தருவது. அதனை உறிஞ்சுதலைக் குறிக்கும் "வேப்" என்னும் ஆங்கிலச் சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியார் 2014 ஆம் ஆண்டிற்குரிய சொல்லாகத் தேர்ந்தனர். அது நீராவியைக் குறிக்கும் இலத்தீன் மூலத்தினின்று வந்தது. முதலெழுத்து ஒத்தமை கொண்டு அதற்கும் வேதிற்கும் உறவு கற்பித்தல் பிழையாம்.

இப்பழக்கத்தையும் "ஆவி பிடித்தல்" எனத் தமிழில் மொழிபெயர்த்தல் எளிது. ஆனால் அங்ஙனம் செய்யின், பாட்டியர் கைப்பானையின்மேல் நமக்குள்ள நம்பிக்கை முழுவதையும் அச்சிறு கருவிக்கு இனாமாக ஈந்தவராவோம். வேது நோயுற்றான் சில நாள் கொண்டு விடுவது. நிகோட்டினோ கொண்டவனை விடாதது. முன்னதை நாம் பிடிக்கின்றோம். பின்னது நம்மைப் பிடிக்கின்றது. இந்திய அரசு 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் முதலியவற்றைத் தடுத்துள்ளது. சட்டம் கடையை மூடலாம். இனிய பெயரால் உள்ளத்திற் புகும் வாயிலை மூடுதல் மொழியறிந்தார் கடன்.

வேது என்றமையால் மட்டும் எல்லாம் நலமாய்விடும் என்பதும் எம் கருத்தன்று. அது மூக்கடைப்பைச் சிறிது நேரம் தளர்த்தும். நுரையீரலிற் புகுந்த கிருமியைக் கொல்லாது. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோதலும் உண்டு. 2021 ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டிற் பொதுவிடங்களிற் பலர் ஒருங்கு ஆவி பிடிக்கத் தலைப்பட்டபோது, அதனால் தொற்றுப் பரவக்கூடுமென அரசினர் தடுத்துரைத்தனர்.

ஆகவே, பெயர் பொருளை அறிவிக்கும். அதன் நன்மைக்குச் சான்றாகாது. புகையைப் புகையென்றும், வேதினை வேதென்றும், நஞ்சினை நஞ்சென்றும் வழங்குதலே சொற்றூய்மை. சொற்றூய்மை உடல்நலத்திற்கும் ஒரு காவல் என்பதை மாணவராகிய நாம் மறவாதிருப்போமாக.