சுயமுன்னேற்ற நூல்கள்: விசுவாசி வாசிக்கலாமா?



மும்பையின் மின்சார ரயில் நிலையங்களில் நிற்கிறவர்கள் அந்தப் புத்தகங்களைக் காணாமலிருக்க முடியாது. போக்குவரத்து விளக்கருகே வாகனம் நின்றாலும், அவைகளை அடுக்கிப் பிடித்தபடி வாலிபர்கள் ஓடி வருகிறார்கள். செல்வந்தனாவது எப்படி, பிறருடைய மனதைக் கவருவது எப்படி, எண்ணத்தால் எதையும் அடைவது எப்படி என்று தலைப்புகள் அழைக்கின்றன. ஊரையும் உறவையும் விட்டுப் பிழைக்க வந்தவனுக்கு, வழிகாட்ட ஒரு பெரியவர் அருகில் இல்லாத குறையை இந்தப் புத்தகங்கள் தீர்ப்பதுபோல் தோன்றுகின்றன.

"பாஸ்டர், இவைகளை விசுவாசிகள் வாசிக்கலாமா?" என்று வாலிபர் கேட்கும்போதெல்லாம், "வேதம் இருக்கிறதே, அது போதும்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி வந்தேன். ஒரு தம்பியின் கண்ணீர் அந்தப் பதிலை மறுபடியும் எண்ணிப்பார்க்கச் செய்தது.

தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, தாராவியில் அறையெடுத்துத் தங்கி, ஒரு கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் அவன். ஆள் சேர்க்கும் சங்கிலித்தொடர் வியாபாரம் ஒன்றில் அவனைச் சேர்த்தார்கள். முதல் நாளிலேயே மூன்று சுயமுன்னேற்ற நூல்களைக் கையில் கொடுத்தார்கள். வேலையை விட்டான். அக்காளின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின. எட்டு மாதத்தில் பணமெல்லாம் கரைந்தது. என் முன்னே உட்கார்ந்து அவன் சொன்னது இது: "திட்டத்துல தப்பு இல்ல பாஸ்டர். என் மனசுலதான் நம்பிக்கை பத்தல. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

பணத்தை இழந்ததைவிட இந்த எண்ணமே அவனை அதிகமாய் நொறுக்கியிருந்தது.

இவைகள் எங்கிருந்து வந்தன?

1859-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தவரான சாமுவேல் ஸ்மைல்ஸ் 'செல்ஃப் ஹெல்ப்' என்னும் நூலை வெளியிட்டார். உழைப்பு, சிக்கனம், விடாமுயற்சி ஆகியவற்றால் எளியவரும் உயரலாம் என்பது அதன் சாரம். தன் கையையே நம்பி உழைக்கிறவனுக்குத்தான் தேவன் துணை நிற்பார் என்ற கருத்துள்ள பழமொழியை அந்நூல் எங்கும் பரப்பியது. நம்மில் பலர் அதை வேதவசனம் என்றே எண்ணியிருக்கிறோம். அறுபத்தாறு ஆகமங்களில் எங்கும் அப்படி ஒரு வசனம் இல்லை. தனக்கு உதவிசெய்யத் திராணியற்றவனைத் தேடி வருகிறவரே நம்முடைய தேவன்.

1903-இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 'ஆஸ் எ மேன் திங்கெத்' என்னும் சிறுநூலை எழுதினார். தலைப்பு நீதிமொழிகள் 23:7-லிருந்து எடுக்கப்பட்டது. மனிதனுடைய எண்ணமே அவனுடைய சூழ்நிலையை உண்டாக்குகிறது என்று அவர் போதித்தார். ஆனால் அதே அதிகாரத்தில் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். உலோபியின் பந்தியைக் குறித்த எச்சரிப்பு அது. வாயினால் உபசரிப்பான், இருதயமோ உன்னோடு இராது என்பதே பொருள். எண்ணினால் ஐசுவரியம் வரும் என்ற வாக்குத்தத்தம் அங்கே இல்லை.

அந்த ஆலனின் நூலைத் தமிழுக்குத் தந்தவர் யார் தெரியுமா? தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1908 முதல் 1912 வரை கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் வாடிய காலத்தில் 'மனம்போல வாழ்வு' என்று அதை மொழிபெயர்த்தார். ஆலனின் வேறு நூல்களையும் பின்னர் தமிழாக்கினார். செக்கிழுத்த அம்மனிதருக்கு அந்த எழுத்துக்கள் ஆறுதலாயிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதலைக்குப் பின் அவருடைய வாழ்வு எப்படியிருந்தது? 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்துபோயிருந்தது. வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. 1936-இல் மரிக்குமட்டும் வறுமை அவரை விட்டபாடில்லை.

அவருடைய எண்ணம் பலவீனமானது என்று எந்தத் தமிழன் சொல்லுவான்? அவருடைய ஏழ்மையை அவருடைய மனம் உண்டாக்கவில்லை. அந்நிய அரசாங்கத்தின் கை உண்டாக்கியது. சிறையில் தாங்கும் பெலனை அந்நூல் அவருக்குக் கொடுத்திருக்கலாம். அவருடைய வாழ்க்கையை விளக்க அதனால் முடியவில்லை. பிரியமானவர்களே, இந்த நூல்களின் பயனும் எல்லையும் அந்த ஒருவருடைய சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

பயன் உண்டு

திட்டமிடுதலை வேதம் ஒருபோதும் பழிக்கவில்லை. எறும்பினிடத்தில் பாடம் கற்கும்படி நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சோம்பேறியை அனுப்புகிறது. யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க ஆலோசனை சொன்னான். மோசே தன் மாமனாகிய எத்திரோ காட்டிய நிர்வாக முறையை ஏற்றுக்கொண்டான். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கிறவனை நம் ஆண்டவரே உவமையாகச் சொன்னார். கடன் தீர்ப்பது, நேரத்தை ஒழுங்குபடுத்துவது, கோபத்தை அடக்குவது ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்றுத்தரும் நூல் நல்ல கருவியே.

மருத்துவத்திலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980-இல் எழுதிய 'ஃபீலிங் குட்' என்னும் நூலை வாசித்து அதன் பயிற்சிகளைச் செய்தபோது, மிதமான மனச்சோர்வு உள்ளவர்கள் பலர் தேறினார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நூல் வெறும் உற்சாக வார்த்தைகளைத் தராமல், எழுதிப் பார்க்கவும் செய்து பார்க்கவும் பயிற்சிகளைத் தருகிறது.

ஆபத்தும் உண்டு

தன்னைத்தானே புகழ்ந்து சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைக் குறித்துக் கனடா தேச ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைக் குறித்துத் தாழ்வாக எண்ணுகிறவர்கள் அவைகளைச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை முன்னிலும் மோசமாயிற்று. யாருக்கு உதவி அதிகம் தேவையோ, அவர்களையே அந்த மருந்து காயப்படுத்தியது. வேலை தேடும் பட்டதாரிகளைக் குறித்து உளவியலறிஞர் காப்ரியேல் ஓட்டிங்கன் 2002-இல் வெளியிட்ட ஆய்வோ, வெற்றியை அதிகமாய்க் கனவு கண்டவர்களே குறைவாய் விண்ணப்பித்து, குறைந்த சம்பளம் பெற்றார்கள் என்று காட்டியது.

இதைவிடப் பெரிய ஆபத்து, வெற்றி உன் மனதால் வருகிறது என்ற போதனையின் மறுபக்கம். அப்படியானால் தோல்வியும் உன் மனதின் குற்றமே. யோபுவின் சிநேகிதரும் இதைத்தானே சொன்னார்கள்? பிறவிக்குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று கேட்ட சீஷருக்கு நம் ஆண்டவர் அந்தக் கணக்கையே மறுத்தார் (யோவான் 9).

இதை அந்தத் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் தலைகுனிந்தபடியே, "போன மாசம் நீங்களும் அதைத்தானே பாஸ்டர் பிரசங்கத்துல சொன்னீங்க? விசுவாசத்தோடு அறிக்கையிட்டா கிடைக்கும், கிடைக்கலன்னா விசுவாசம் குறைவுன்னு" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. புத்தகத்தில் கண்டித்ததை நானே பிரசங்க பீடத்தில் விற்றிருந்தேன். நியூயார்க்கில் 1952-இல் 'தி பவர் ஆஃப் பாசிட்டிவ் திங்கிங்' எழுதிப் புகழ்பெற்ற நார்மன் வின்சென்ட் பீலும் ஒரு சபையின் போதகரே. கடைத்தெருவுக்கும் பிரசங்க பீடத்துக்கும் இடையில் இந்தப் போதனைக்கு எப்போதும் வழி திறந்தே இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபையாரிடம் என் தவற்றை அறிக்கையிட்டேன்.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

1. இந்நூல் செய்யத்தக்க செயலைச் சொல்லுகிறதா, கனவை மாத்திரம் காட்டுகிறதா?

2. இதை யார் கொடுத்தார்கள்? நான் நம்பினால் அவர்களுக்கு லாபம் உண்டா?

3. வாசித்தபின் அயலான் எனக்குச் சகோதரனாகத் தெரிகிறானா, ஏணிப்படியாகத் தெரிகிறானா?

4. எல்லாம் செய்தும் தோற்றுப்போனவனுக்கு இது என்ன சொல்லுகிறது?

நான்காவது கேள்வியே பிரதானமானது. அதற்குக் குற்றச்சாட்டைத் தவிர வேறு பதில் இல்லாத நூலை மூடிவிடுங்கள். பிரசங்கத்தையும் இதே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்.

உறக்கமின்றி, வாழ்வை வெறுக்கும் நினைவுகளோடு இருக்கிறவர்களுக்குப் புத்தகம் போதாது. சபையில் ஒருவரிடம் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணாகிய 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இது அவிசுவாசமல்ல.

அந்தத் தம்பி இப்போது வேறொரு கிடங்கில் கணக்கெழுதுகிறான். சபை மூப்பர் இருவர் அவனோடு உட்கார்ந்து கடன்களைப் பட்டியலிட்டு, மாதந்தோறும் கட்டும் தொகையைக் குறித்துக் கொடுத்தார்கள். கணினிக் கணக்குமுறையை ஒரு பழைய புத்தகத்தின் உதவியால் தானே கற்றுக்கொண்டான். அக்காளின் சங்கிலியை மீட்டுவிட்டான். வளையல்கள் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கின்றன.

வாசியுங்கள், பிரியமானவர்களே. சிறையிலிருந்த பவுலும் தன் புஸ்தகங்களைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஆனால் விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு துணை வேண்டும் என்று பிரசங்கி 4-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. உங்கள் வரிசையில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகோதரனுக்கு நீங்களே அந்தத் துணையாயிருங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.