பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு வீடும் புதுசு



ராணுவத்தில் 15 ஆண்டு சர்வீஸ் முடித்த ஜவானுக்குப் பென்ஷன் உண்டு. அதனால் பலர் 40 வயதை ஒட்டியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். "பென்ஷன் வருது, கேண்டீன் இருக்கு, அவருக்கென்ன குறை?" என்று நாமே பேசுகிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். காலையில் எழுவது முதல் படுப்பது வரை நேரம் குறித்து நடந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோகிறது. கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். இங்கேயோ வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, குழுக் கடன் எல்லாவற்றையும் இத்தனை வருஷம் நாம்தான் பார்த்திருக்கிறோம். "எனக்கு இங்க என்ன வேலை?" என்று அவருக்குத் தோன்றலாம். மனசில் இருப்பதை வெளியே சொல்லவும் கூச்சம்.

கவனிக்க வேண்டியவை:

• தூக்கமின்மை, கெட்ட கனவு கண்டு அலறி எழுதல்
• குடி அதிகமாதல், சின்ன விஷயத்துக்கும் கோபம்
• யாரோடும் பேசாமல் ஒதுங்குதல்
• "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு
• பத்திரம், பாஸ்புக்கைத் திடீரென ஒப்படைத்தல்

கடைசி இரண்டில் ஒன்றைக் கண்டாலும் நாள் கடத்தக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

1. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பாரம்தான் இறங்கும். புத்தி சொல்லாமல் காது கொடுப்போம்.

2. அவரைத் தனியே விட வேண்டாம். பூச்சிமருந்தை வீட்டில் வைக்க வேண்டாம். கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஸ்நேகா அமைப்பு, பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து காட்டியது. நம் குழுக்களும் இதைப் பற்றிப் பேசலாம்.

3. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். குடும்பத்தாரும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108.

4. இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் காட்டலாம். இல்லாவிட்டால் அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். பென்ஷன் சிக்கல், மறுவேலை, உதவித்தொகைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.

"போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

வீட்டுப் பொறுப்பில் ஒன்றிரண்டை அவர் கையில் கொடுப்போம். பாங்கி வேலையோ, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடுவதோ, எதுவானாலும் சரி. நாம் வேண்டப்பட்டவர் என்ற நினைப்பே பெரிய மருந்து. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். 14416-ஐத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.