56 வயதில் ஓர் எட்டு

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் கேட்கும் கேள்விகளுள் முதலாவது, “மாடிப்படி ஏறலாமா?” என்பது. இரண்டாவது, “வண்டி ஓட்டலாமா?” என்பது. சேலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர் கேட்ட கேள்வி இவ்விரண்டினும் வேறுபட்டது. “நாங்கள் இருவரும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் பழகி, வெளியூர் சென்று வரலாமா?” என்று அவர்கள் கேட்டனர். கணவருக்கு அப்போது வயது 61; மனைவிக்கு 56. தங்கள் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதலாம் என்று இருவரும் இசைந்ததால், அவர்களது அனுபவத்தை இவ்விதழில் பகிர்ந்துகொள்கிறோம்.

இருவரும் வண்டிக்கு முற்றிலும் புதியவர்கள் அல்லர். கணவர் முப்பது ஆண்டுகள் ஸ்கூட்டரில் அலுவலகம் சென்றவர். ஆனால் வீடு, அலுவலகம், உழவர் சந்தை என்னும் எல்லைக்கு அப்பால் அந்த ஸ்கூட்டர் போனதில்லை. மனைவியோ அதே முப்பது ஆண்டுகளும் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையில் பையும் மறு கையில் முந்தானையுமாகப் பயணம் செய்தவர். கியர் வண்டியை இருவரும் ஓட்டியதில்லை. மகிழ்ச்சிக்காக வண்டியில் போவது என்பது அவர்கள் வீட்டில் யாரும் அறியாத வழக்கம்.

நோய் போனது, அச்சம் நின்றது

கணவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, ஓர் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆறு வாரங்களில் நடைப்பயிற்சி தொடங்கினார்; உடல் நன்றாகவே தேறியது. வீட்டின் நிலைமை தேறவில்லை. இரவில் இருமுறை விழித்துக் கணவரின் மூச்சைக் கவனிப்பது மனைவியின் வழக்கமாயிற்று. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூடாது, கடைக்குத் தனியே போகக்கூடாது, பேரனைத் தோளில் ஏற்றக்கூடாது எனத் தடைகள் நாளுக்கு நாள் பெருகின. கணவர் எதிர்த்துப் பேசவில்லை. நாளடைவில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

இதய நோயாளிகளின் இல்லங்களில் இது அரிய காட்சி அன்று. நோயாளியின் மனச்சோர்வும் உடனிருப்போரின் பேரச்சமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மருந்துச் சீட்டில் அதற்கு ஒரு வரியும் இருப்பதில்லை.

வண்டி பற்றிய எண்ணம் முதலில் தோன்றியது மனைவிக்குத்தான். “எதைக் கேட்டாலும் வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றையாவது வேண்டும் என்று நானே சொல்லிப் பார்க்க நினைத்தேன்” என்று அவர் எங்களிடம் கூறினார்.

மருத்துவர் கேட்ட காத்திருப்பு

இதய மருத்துவர் மறுக்கவில்லை. உடனே இசையவும் இல்லை. மாரடைப்புக்குப்பின் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களுக்கு, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இருவகை மருந்துகள் பொதுவாக ஓராண்டு வரை தரப்படுகின்றன. அக்காலத்தில் சிறு காயமும் நெடுநேரம் குருதி கசியக்கூடும். தலையில் அடிபட்டால் உட்கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடுதல். ஆதலால் புதிதாக ஒரு வண்டி பழகுவதற்கு அது உரிய காலம் அன்று. ஓராண்டு முடிந்து, டிரெட்மில் பரிசோதனை செய்து, ஒரு மருந்து நிறுத்தப்பட்ட பின்னரே இசைவு கிடைத்தது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை உட்கொள்ள நேர்ந்தால் அன்று வண்டியைத் தொடக்கூடாது என்பதும் நிபந்தனை. அம்மாத்திரை இரத்த அழுத்தத்தைத் திடீரெனக் குறைத்து மயக்கம் வரச்செய்யும்.

மனைவிக்கோ நீரிழிவு உண்டு. அவருக்கு இரண்டு சோதனைகள் செய்யப்பட்டன. ஒன்று கண்ணின் விழித்திரைக்கு. மற்றொன்று பாதத்தின் உணர்வுக்கு. பாதத்திற்கு எதற்கு என்று அவர் வியந்தார். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்கை அழுத்துவது வலப்பாதம். கியர் மாற்றுவது இடப்பாதம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியமாட்டார். நல்வாய்ப்பாக அவருக்கு உணர்வு குறையவில்லை.

40 வயதைக் கடந்தவர் ஓட்டுநர் உரிமம் பெற, படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்றிதழ் தேவை. பலர் இதனை ஒரு கையொப்பம் என்ற அளவில் முடித்துக்கொள்கின்றனர். இத்தம்பதியர் அதனை மெய்யான பரிசோதனையாகவே எடுத்துக்கொண்டனர்.

எட்டுப் போடுதல்

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும். அந்நாள்களில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு பள்ளி மைதானத்தில் இருவரும் பயிற்சியாளர் ஒருவரிடம் பழகினர். கணவருக்கு ஸ்கூட்டர்ப் பழக்கமே இடையூறாயிற்று: இடக்கையால் பிரேக் பிடிக்க முயன்று கிளட்சைப் பிடித்தார். பழைய பழக்கம் ஏதும் இல்லாத மனைவி விரைவில் கற்றார்.

வண்டியைத் தேர்ந்ததிலும் அவர்கள் நிதானம் காட்டினர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகி வந்த புல்லட் மீது கணவருக்கு இளமை முதலே ஆசை. ஆயினும் அவ்வகை வண்டிகள் 180 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டவை; சாய்ந்தால் நிமிர்த்துவது எளிதன்று. இருவரின் பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும் உயரமுள்ள, எடை குறைந்த 150 சி.சி. வண்டியையே வாங்கினர். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. புதிதாகப் பழகுவோருக்கு இது பெருந்துணை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு வடிவத் தடத்தில் காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டவேண்டும். மனைவி முதல் முறை காலை ஊன்றிவிட்டார். வரிசையில் நின்ற கல்லூரி மாணவர்கள் சிரித்தனர். இரண்டாம் முறை அதே தடத்தில் தடுமாறாமல் எட்டுப் போட்டு உரிமம் பெற்றார். சேலையை விட்டுச் சுடிதாரில் இருபக்கமும் காலிட்டு அமரவும் பழகிக்கொண்டார். தெருவில் சிலர் ஏதேதோ பேசினர்; அதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

மேட்டூர்ச் சாலையில்

முதல் சில மாதங்கள் காலைப் பயணங்கள் இனிதே நடந்தன. வீட்டில் பேச்சு திரும்பியது. எந்த வழி, எந்தக் கடையில் தேநீர், அடுத்த வாரம் எங்கே என்பன இரவு உணவின்போது பேசும் பொருள்களாயின.

ஒருநாள் மேட்டூர் செல்லும் வழியில் மனைவி ஓட்ட, கணவர் பின்னால் அமர்ந்திருந்தார். தேநீர்க் கடைக்காகச் சாலையை விட்டு இறங்கிய இடத்தில் தார் முடிந்து ஜல்லி தொடங்கியது. கைப்பிடி திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கை அழுத்த, முன்சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. நடக்கும் வேகந்தான் இருந்திருக்கும். மனைவிக்குக் கணுக்கால் சுளுக்கு. கணவரின் தலைக்கவசம் ஒரு கல்லில் மோதியது. அவருக்கு வலி ஏதும் இல்லை. ஆயினும் ஆஸ்பிரின் உட்கொள்பவர் என்பதால் இருவரும் உடனே மருத்துவமனைக்குச் சென்றனர். ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்தது. முடிவு வரும்வரை காத்திருந்த ஒரு மணி நேரத்தில் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லையாம்.

அன்றிரவு பெங்களூருவிலிருந்து மகன் தொலைபேசியில் கூறியது ஒன்றே: “வண்டியை விற்றுவிடுங்கள்.” கணவரும் விற்கலாம் என்றார். மனைவி விடை கூறவில்லை. ஒரு மாதம் வண்டி உறைபோட்டு நின்றது. இரவில் விழித்து மூச்சைக் கவனிக்கும் வழக்கம் மீண்டும் தொடங்கியது.

மறுபரிசோதனைக்கு வந்தபோது மனைவியே எங்கள் மருத்துவரிடம் கூறினார்: “மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்னும் பயம் எனக்கு உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அவரைக் காவல் காத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.” மருத்துவர் ஓட்டுங்கள் என்றும் சொல்லவில்லை, விடுங்கள் என்றும் சொல்லவில்லை. எதனால் விழுந்தீர்கள், அதனைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் மீண்டும் பள்ளி மைதானத்திற்கே சென்றனர். மூன்று மாதம் ஒருவர் பின்னால் மற்றவர் அமரவில்லை. நேராக நிமிர்த்திய பின்னரே முன் பிரேக்கைப் பிடிப்பது, மணலிலும் ஜல்லியிலும் பின் பிரேக்கை மெதுவாகப் பயன்படுத்துவது, பின்னால் ஆள் இருந்தால் நிற்பதற்குக் கூடுதல் தொலைவு விடுவது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பழகினர். கல்லில் மோதிய தலைக்கவசத்தை எறிந்துவிட்டுப் புதியது வாங்கினர். ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கும். மறுமுறை அது காக்காது.

ஏற்காட்டின் 20 வளைவுகள்

அதன் பின்னரே ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிக்காலத்தின் அதிகாலைக் குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி இதயத்தின் சுமையைக் கூட்டும் என்பதால், வெயில் ஏறிய பின்னரே புறப்பட்டனர். கணவர் மாத்திரைகளை உண்டு, மனைவி சர்க்கரையை அளந்து, இருவரும் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினர். ஏறுகையில் கணவர் ஓட்டினார். பாதி வழியில் நிறுத்தி இளைப்பாறினர். இறங்குகையில் மனைவி ஓட்டினார். பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பதால் இரண்டாம் கியரிலேயே இறங்கினார். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது முறை. ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அன்று 60 கி.மீ. சென்றுவர ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

மகனுக்கு இப்போதும் இதில் விருப்பமில்லை. ஒவ்வொரு முறையும் புறப்படும்போதும் திரும்பியதும் அவருக்குத் தெரிவிப்பது என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டுள்ளனர். இரவில் விழிக்கும் வழக்கம் நின்றுவிட்டதா என்று மனைவியிடம் கேட்டோம். “குறைந்திருக்கிறது” என்றார்.

நீங்கள் அறிய வேண்டியவை

இக்கட்டுரையைப் படித்தவுடன் வண்டி வாங்கவேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. தத்தம் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை மருத்துவரிடம் கேட்டே எடுக்கவேண்டும். வலிப்பு நோய், அடிக்கடி மயக்கம், கட்டுப்படாத இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை உள்ளோர் மருத்துவர் தெளிவாக இசைவு தரும்வரை எந்த வண்டியையும் ஓட்டலாகாது. நாள்தோறும் வண்டியில் செல்லும் அனைவருக்கும் உதவும் சில செய்திகளை மட்டும் இங்கே தருகிறோம்.

தலைக்கவசம்: ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம். ஐ.எஸ். 4151 என்னும் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதா எனப் பாருங்கள். தாடைப்பட்டை பூட்டப்படாத தலைக்கவசம் மோதுவதற்கு முன்பே கழன்றுவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கோக்ரேன் அறிக்கையின்படி, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

வேகம்: 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. இடையூறு ஒன்றைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். வயது கூடக்கூட இந்நேரமும் கூடும்.

ஆடை: முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த விபத்துகள் பல. பின்சக்கரத்தின் மறைப்பு, பின்னிருப்பவருக்கான கைப்பிடி, கால்தாங்கி ஆகிய மூன்றும் விதிப்படி இருக்கவேண்டியவை, அழகுக்காகக் கழற்றாதீர்கள்.

நீரிழிவு: நடுக்கம், வியர்வை, கண் மங்கல் தோன்றினால் உடனே ஓரம் கட்டுங்கள். சர்க்கரை 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிக் குளுக்கோஸ் உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். சரியான பின்னும் முக்கால் மணி நேரமேனும் ஓட்டவேண்டாம்.

சட்டைப்பையில் ஒரு சீட்டு: உட்கொள்ளும் மருந்துகள், இரத்த வகை, ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைத்திருங்கள். குருதி உறையாமைக்கான மருந்து எடுப்பவர் என்றால் அதனை முதல் வரியில் எழுதுங்கள். அத்தகையோர் தலையில் இலேசாக அடிபட்டாலும் வலியில்லை என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

விபத்தைக் கண்டால்: 108ஐ அழையுங்கள். மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். குருதி பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவுபவரைப் பெயர் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் காக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு எதைச் செய்யக்கூடாது என்னும் பட்டியலை நாங்கள் தருவதுண்டு. இனி எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்பதையும் அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடம் கூறுங்கள். அது தோட்ட வேலையாக இருக்கலாம்; கோயில் பயணமாக இருக்கலாம்; பேரனைத் தோளில் ஏற்றுவதாகவும் இருக்கலாம். உடன் வரும் உங்கள் துணையும் அதைக் கேட்கட்டும்.