புகையாத நெருப்பு



‘நெருப்பில்லாமல் புகையாது’ன்னு ஒரு பழமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும். நெருப்பு எரிஞ்சும் புகையாமல் இருக்குமா? இருக்கும்! அது எப்படி என்றுதான் இந்தத் தாளில் எழுதுகிறேன். இதை நான் கத்துக்கிட்டது 2023 டிசம்பர் வெள்ளத்தில், எங்க ஆச்சி மூச்சு விட முடியாமல் கிடந்தபோது.

வெள்ளத்தில் மூன்று நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போ ஏழாம் வகுப்பு. பேய் மழை. மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையை விட இது அதிகம். தாமிரபரணி கரை மீறி வந்தது. வெற்றிலைக் கொடிக்கால், வாழைத் தோட்டம், தெரு எல்லாம் ஒரே தண்ணீர். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பேர் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் தங்களிடம் இருந்ததை வைத்து அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். பேப்பரில் எல்லாம் வந்ததே, நீங்களும் படித்திருப்பீர்கள்.

எங்க வீடு ஓட்டு வீடு. அதனால் பெரியப்பா வீட்டு மாடிக்குப் போயிட்டோம். மூணு குடும்பம், மொத்தம் பன்னிரண்டு பேர், ஒரே ரூம். பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தையும் அதில் உண்டு. கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கீழே தண்ணிக்குள்ள. கரண்ட் இல்லை. போன் இல்லை.

படிக்கட்டு முடியும் இடத்தில் மேலே கூரை உண்டு. அங்கே மூணு கல்லை வைத்து அம்மாவும் பெரியம்மாவும் அடுப்பு மூட்டினாங்க. விறகு நனைந்த உடை விறகு. ஒரே புகை! ரூம் முழுக்கப் பரவி எல்லாருக்கும் கண் எரிந்தது. ஆச்சிக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. நெஞ்சு ‘கர் கர்’ன்னு இழுக்க ஆரம்பிச்சது. மருந்துப் பம்பில் கொஞ்சம்தான் மிச்சம். அம்மா பயந்து போய் அடுப்பில் தண்ணியை ஊத்தப் போனாங்க.

அடுப்பு எரிந்தால் ஆச்சிக்கு மூச்சு முட்டுது. அணைத்தால் யாருக்கும் கஞ்சி இல்லை, குழந்தைக்கு வெந்நீரும் இல்லை. என்ன செய்வது?

அப்போது ஆச்சியே இளைத்துக்கொண்டு சொன்னாங்க: “ஏட்டி, தீய அமத்தாத. பொகைய அமத்து.”

ஆச்சி பிறந்தது உடன்குடிப் பக்கம், கருப்பட்டி காய்ச்சுகிற குடும்பத்தில். பதநீரை ‘விடிலி’ என்கிற ஓலைக் குடிசையில்தான் காய்ச்சுவார்களாம். சின்ன வயசிலேயே அந்த அடுப்பைப் பார்த்து வளர்ந்ததால் தீயைப் பற்றி ஆச்சிக்கு எல்லாம் தெரியும்.

புகை என்றால் என்ன?

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். விறகு சூடானதும் அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்களும் ஆவியும் வெளியே வருகின்றன. போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் அவை சுடராக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் அப்படியே வெளியே போகும். அதுதான் புகை. அதாவது புகை என்பது எரியாமல் வீணாகப் போகும் விறகு! கண்ணும் எரியுது, விறகும் வீண்.

ஈர விறகு ஏன் அதிகமாகப் புகைகிறது? ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி போதும். ஆனால் அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதி கூடத் தண்ணீராக இருக்கலாம். அடுப்புச் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகிவிட்டால், வாயுக்கள் எரிய ஏது சூடு?

ஆச்சி சொன்ன வழிகள்

1. விறகைப் பிளக்க வேண்டும். பட்டுப்போன விறகு மழையில் நனைந்தாலும் மேல்பக்கம்தான் ஈரம். பட்டையை உரித்துப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். அப்பா அரிவாளால் பெருவிரல் பருமனுக்குப் பிளந்து கொடுத்தாங்க. மெல்லிய விறகு சீக்கிரம் சூடாகி, சுடர் விட்டு எரியும்.

2. காற்றுக்கு வழி விட வேண்டும். பெரியப்பா கொத்தனார். மாடியில் கிடந்த செங்கல்லை அடுக்கி, உள்ளே ‘ட’ எழுத்து மாதிரி வழி விட்டார். தீ எரியும் குழி நேராக மேலே போகும். விறகு நுழையும் வாய் கீழே பக்கவாட்டில் இருக்கும். வாயின் நடுவில் ஒரு தகரத் துண்டு. தகரத்துக்கு மேலே விறகு, கீழே காற்று. சூடான காற்று மேலே ஏறும்போது புதுக் காற்றைக் கீழிருந்து தானே இழுத்துக்கொள்ளும். ஊதாங்குழலுக்கு வேலையே இல்லை! 1980களில் அமெரிக்காவின் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்த ‘ராக்கெட் அடுப்பு’ம் இதே மாதிரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது.

3. நுனி மட்டும் எரிய வேண்டும். விறகை மொத்தமாகத் திணிக்கக் கூடாது. மூணு நாலு குச்சிகளின் நுனி மட்டும் தீயில் இருக்கணும். எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளணும்.

4. அடுத்த விறகை அடுப்பைச் சுற்றிக் காய வைக்க வேண்டும். தீப்பிடிக்கிற அளவுக்கு நெருக்கமாக வைக்காதீங்க.

5. முதல் தீ காய்ந்த பொருளில் இருக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சாக்குச் சிரட்டை நனையாமல் இருந்தது. ஆச்சியின் பழைய ஓலைப்பெட்டி ஒன்றும் இருந்தது. “என் பெட்டியப் பிச்சுப் போடு”ன்னு ஆச்சியே சொன்னாங்க.

6. காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். அன்று வாடைக்காற்று, வடக்கிலிருந்து அடித்தது. அதனால் அடுப்பை ரூமுக்குத் தெற்கே மாற்றி, மேலே ஒரு தகரத்தை மறைப்பாகப் பிடித்தோம்.

7. எரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அரிசியை அரை மணி நேரம் ஊற வைத்தோம். பானையை மூடியே வேக வைத்தோம். முக்கால் வேக்காட்டில் இறக்கி, சாக்கில் பொதிந்து வைத்தால் மீதி தானே வெந்துவிடும்.

தீ மூட்டியதும் முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு புகை நின்று, பானைக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரிந்தது. அன்று ராத்திரி எல்லாருக்கும் கஞ்சி. குழந்தைக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணி. ஆச்சிக்கு இளைப்பு முழுசா நிற்கலை. ஆனாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சாங்க. தண்ணி வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

புகையை ஒளித்தவர்கள்

இந்தக் கதையை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவங்க வியட்நாம் நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னாங்க. 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படையோடு போர் நடந்தது. காட்டில் புகை தெரிந்தால் விமானம் வந்து குண்டு போடும். அப்போது ஹோவாங் காம் என்ற படைச் சமையல்காரர் மண்ணில் குழி தோண்டி அடுப்பு அமைத்தார். அதிலிருந்து நீளமாகக் கால்வாய்கள் வெட்டி, மேலே கிளைகளும் ஈர மண்ணும் போட்டு மூடினார். புகை அந்த வழியே போகும்போது ஆறி, பல இடங்களில் சிதறி, பனி மாதிரி தரையோடு கலந்துவிடும். இன்றும் அந்த அடுப்புக்கு அவர் பெயர்தான். பின்னால் அமெரிக்கப் படையோடு நடந்த போரிலும், கூச்சி சுரங்கங்களில் இதே மாதிரி அடுப்புகள் இருந்தன.

அவர்கள் வந்த புகையை ஒளித்தார்கள். எங்க ஆச்சி சொன்னது புகையே வராமல் எரிப்பது. இரண்டுமே உயிர் காக்கத்தான்.

கவனம்! கவனம்!

அன்று ராத்திரி ஆச்சிக்குக் குளிர் நடுக்கம். நான் ஒரு சட்டியில் கங்கை அள்ளி ரூமுக்குள் வைக்கப் போனேன். அதில்தான் புகையே இல்லையே! அப்பா ஓடி வந்து தடுத்துட்டாங்க. கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறைக்குள் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீங்க. அடுப்போ கங்கோ, திறந்த இடத்தில்தான் இருக்கணும்.

இன்னும் சில: பிளாஸ்டிக், டயர், பெயிண்ட் அடித்த மரம் எரிக்கக் கூடாது. எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. தண்ணியில் ஊறிய ஆற்றுக்கல்லை அடுப்புக்கு வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். காங்கிரீட் தரையில் அப்படியே தீ மூட்டாமல், மணல் பரப்பி அதன் மேல் மூட்டணும்.

இது வெள்ளத்துக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. வீட்டுக்குள் வரும் அடுப்புப் புகை போன்ற காற்று மாசால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேஸ் இருக்கும் வீடுகளிலும் வெந்நீருக்கு விறகுதானே வைக்கிறோம்? அம்மாவும் ஆச்சியும் தினமும் அந்தப் புகைக்கு முன்னால்தானே உட்காருகிறார்கள்?

அதனால் தோழிகளே, ஐப்பசி பிறக்கும் முன்னால் உங்க வீட்டு உயரமான இடத்தில் ஒரு சாக்குக் காய்ந்த சிரட்டை, கொஞ்சம் பிளந்த விறகு, இருபது செங்கல், டப்பாவில் மூடிய தீப்பெட்டி எடுத்து வையுங்க. நம்ம மாவட்டத்துக் கோவில்பட்டி தீப்பெட்டியானாலும் நனைந்தால் எரியாது!

இதை எழுதும்போது ஆச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாங்க. “என் ஓலைப்பெட்டி எரிஞ்சத எழுதினியாட்டி?”ன்னு கேட்டாங்க. எழுதிட்டேன் ஆச்சி.



— 9ஆம் வகுப்பு மாணவி, ஆத்தூர்