ஃபங்ஷனுக்கு அழைப்பு



நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். ராஸ்தா பேட்டில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் மாமி ஒருவர், சாம்பார் வாளியும் கையுமாக நின்ற என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்ப்பா, ஹிஞ்சேவாடி ஹிஞ்சேவாடின்னு தினம் பஸ்ல கிடந்து அல்லாடறியே, அங்கே என்னதான் வேலை பண்றே?"

வரிசையில் இன்னும் இருபது இலை காத்திருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடணும்கிற முறையைப் பார்த்துக்கறேன் மாமி."

"இதுக்கா இஞ்சினீயரிங் படிச்சே? பத்திரிகை வெச்சு, வெத்தலை பாக்கு குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டியதுதானே!"

பந்தியே சிரித்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் மாமி சொன்னது முக்கால்வாசி சரி என்று பட்டது. அன்று சொல்ல முடியாமல் போன மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஹிஞ்சேவாடிக்குப் போய்வரும் பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் படிக்க வேண்டுகிறேன். அவர்களிடம் கேட்டால் "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றுதான் பதில் வரும். புரியாத அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது ஒரே நீளக் கட்டளைப் பட்டியல் அல்ல. சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து எழுதுவார்கள். அந்தத் துண்டுக்குத்தான் ஃபங்ஷன் என்று பெயர். தமிழில் செயற்கூறு என்கிறார்கள். ஒரு செயற்கூறு தன் வேலையின் நடுவே இன்னொன்றை அழைக்கும். "இந்த இரண்டு எண்ணைப் பிடி, கணக்குப் போட்டு விடையைக் கொடு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். விடை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மனிதர் எழுதும் இந்த நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர்.

சிக்கல் எங்கே என்றால், அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் ஒரே கம்பைலர் ஒரே நாளில் மொழிபெயர்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்று ஜப்பானில் ஐந்து வருடம் முன்பு தயாரானதாக இருக்கும். இன்னொன்று இன்று காலை ஹிஞ்சேவாடியில் தயாரானது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. கடைசியில் இணைக்கும்போதுதான் சந்திக்கின்றன. சம்பந்திகள் முகூர்த்தத்தன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படியானால் சீர் எங்கே வைப்பது, யார் எடுப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்க வேண்டும். அந்த உடன்பாட்டுக்குத்தான் அழைப்பு முறை என்று பெயர்.

இது கம்ப்யூட்டர் அளவுக்கே பழையது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் இயந்திரம் 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. அங்கே டேவிட் வீலர் என்ற இளைஞர் ஒரு யுக்தி செய்தார். பொதுவாகப் பயன்படும் கணக்குகளைத் தனித் துண்டுகளாக எழுதி வைத்துவிட்டு, வேண்டியபோது அங்கே தாவிப் போய்த் திரும்பி வருவது. போவது எளிது, திரும்பி வருவதுதான் கஷ்டம். அழைப்பவர் தாம் நிற்கும் இடத்தைக் கையோடு எடுத்துச் செல்வார். போன துண்டு அதைக் கொண்டு "இந்த இடத்துக்குத் திரும்பு" என்ற கட்டளையைத் தயாரித்துத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். வீலர் தாவல் என்று இன்றும் சொல்கிறார்கள். தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும் நிரல்! இன்று யாராவது செய்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பின்னால் வந்த இயந்திரங்களில் அடுக்கு வந்தது. எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான். கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். அழைப்பவர் தரும் எண்களையும் திரும்பும் வழியையும் அதில் வைத்தார்கள். வேலை முடிந்ததும் தட்டுகளை எடுத்துக் கழுவி வைப்பது யார்? இதில்தான் இரண்டு கட்சி. சி மொழியின் வழக்கத்தில் அழைத்தவரே கழுவ வேண்டும். பாஸ்கல் மொழியின் வழக்கத்தில் வந்தவரே கழுவிவிட்டுப் போக வேண்டும். ஐந்நூறு இடத்திலிருந்து ஒரே செயற்கூறை அழைத்தாலும் கழுவும் கட்டளையை ஓரிடத்தில் எழுதினால் போதும் என்பது பாஸ்கல் கட்சியின் வாதம். நினைவகம் தங்கம் விலை விற்ற அந்தக் காலத்து விண்டோஸ் அதைத்தான் பின்பற்றியது. ஆனால் சி மொழியில் எத்தனை எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் செயற்கூறுகள் உண்டு. எத்தனை பேருக்கு இலை போட்டோம் என்பது அழைத்தவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். எனவே அங்கே அழைத்தவர் கழுவுவதுதான் நியாயம்.

அடுக்குக்குப் போய்வர நேரம் ஆகும். சில்லுக்குள்ளேயே சில இடங்கள் உண்டு, ரெஜிஸ்டர்கள் என்று பெயர். அடுப்பங்கரை மேடை மாதிரி, கை எட்டும் தூரம், ஆனால் இடம் கொஞ்சம். இப்போதெல்லாம் முதல் சில எண்களை மேடையிலேயே வைத்துவிடுவார்கள். இதிலும் ஊருக்கு ஒரு வழக்கம். நம் வீட்டு 64 பிட் கம்ப்யூட்டரையே பாருங்கள். லினக்ஸில் முதல் ஆறு முழு எண்கள் மேடையில் வரும். அதே சில்லில் விண்டோஸ் ஓடினால் நான்குதான்.

மேடை என்றால் இன்னொரு கேள்வியும் எழும். நான் பாதி வேலையாக வைத்துவிட்டுப் போன பாத்திரத்தை, சமைக்க வந்தவர் எடுக்கலாமா? எல்லாவற்றையும் எடுக்கக்கூடாது என்றால் அவரால் சமைக்கவே முடியாது. எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றால் என் வேலை கெட்டுவிடும். எனவே பங்கு போட்டுக்கொள்வார்கள். சில இடங்களை வந்தவர் தாராளமாகப் பயன்படுத்தலாம், வேண்டுமென்றால் நான்தான் முன்கூட்டியே என் பொருளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களை அவர் தொட்டால், போகும்போது இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டதும் இந்த விஷயத்தில்தான்.

ஹிட்டாச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் சூப்பர்எச் என்ற சில்லு வகையைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் விளையாடிய சேகா சாட்டர்ன் பெட்டியில் இருந்தது அதுதான். 2003இல் ஹிட்டாச்சியும் மிட்சுபிஷியும் தங்கள் சில்லுப் பிரிவுகளை இணைத்து ரெனேசாஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கியபோது சூப்பர்எச் அங்கே போனது. கார்களுக்குள்ளும் ஏராளமாகப் புகுந்தது. இதற்கான கம்பைலர்களில் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று சில்லுக்காரர்களுடையது. மற்றொன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் தொடங்கிவைத்த, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஜி.சி.சி. ரெனேசாஸ் சில்லுகளுக்கான குனு கருவிகளைத் தொகுத்துப் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கியது நம் ஹிஞ்சேவாடியின் கே.பி.ஐ.டி. என்பது பலருக்குத் தெரியாது. சிஆர்16 என்ற வேறொரு சில்லுக்கான பகுதியை 2012இல் ஜி.சி.சி.க்கு எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான். அந்த மூலநிரலின் தலைப்பிலேயே அப்போதைய பெயரான கே.பி.ஐ.டி. கம்மின்ஸ் இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் பிற்பாடு அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது.

சூப்பர்எச்சில் இரண்டு கம்பைலர்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். முதல் நான்கு எண்கள் 4 முதல் 7 வரையுள்ள ரெஜிஸ்டர்களில், விடை 0இல். வித்தியாசம் சின்னச் சின்ன இடங்களில். பெருக்கிக் கூட்டும் கணக்கின் விடை சேர்வதற்கென்று மேக் என்ற தனி ரெஜிஸ்டர் இதில் உண்டு. சாதாரணப் பெருக்கலின் விடையும் அங்கேதான் வந்து விழும். அழைக்கப்பட்டவர் மேக்கைத் தொட்டால் பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ரெனேசாஸ் முறை. ஜி.சி.சி.யின் சொந்த முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரெனேசாஸ் முறைப்படி நட என்று ஜி.சி.சி.யிடம் சொல்வதற்கு ஒரு தேர்வு உண்டு. நாம்தான் சொல்ல வேண்டும்.

2008 மே மாதம். நான் அப்போது இருந்த சிறிய கம்பெனியில் எஞ்சின் குளிர்விக்கும் மின்விசிறிக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். வெப்பநிலையின் சராசரியைக் கணக்கிடும் பகுதி வாடிக்கையாளரிடமிருந்து, சில்லுக்காரர்களின் கம்பைலரில் தயாராகி வந்திருந்தது. அது நடுநடுவே என் செயற்கூறை அழைத்து, அடுத்த அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சோதனைப் பொறுப்பு சாதாராவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்கு. எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீரைச் சூடாக்கி, உணர்கருவியை முக்கிப் பார்ப்பார். "சார், 80 டிகிரிக்கு மேலே போனா 60னு காட்டுது" என்றார். ஒயர் தளர்ந்திருக்கும் என்றேன். மூன்று உணர்கருவிகளை மாற்றிப் பார்த்தார். பதிவேட்டில் மூன்று நாள் மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை, குழுவில் எல்லோரும் இருக்கும்போது, "முதலில் அந்தக் கெட்டிலை மாற்றுங்கள்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார். சரக்கை ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்தேன். கம்பைலர் தந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். 80 டிகிரிக்குக் கீழே என் செயற்கூறு அளவை அப்படியே திருப்பித் தரும். மேலே போனால் ஒரு திருத்தம் உண்டு, அதில் ஒரு பெருக்கல். அந்தப் பெருக்கலின் விடை மேக்கில் விழுந்தது. அவர்கள் அதுவரை கூட்டிச் சேர்த்து வைத்திருந்த கணக்கு அழிந்தது. பாயசத்துக்கு எண்ணி எண்ணிச் சர்க்கரை போட்டு வைத்த கிண்ணத்தை, காபி கலக்க வந்தவர் கொட்டிவிட்டுத் தன் சர்க்கரையைப் போட்டு வைத்த கதை. மேக்கைப் பத்திரப்படுத்தும் கட்டளை செயற்கூறின் தலையில் இருக்க வேண்டும். இல்லை. மற்ற எல்லாக் கோப்புகளுக்கும் ரெனேசாஸ் தேர்வைக் கொடுத்திருந்த நான், கடைசியாகச் சேர்த்த இந்த ஒரு கோப்புக்கு மறந்திருந்தேன். இணைப்பான் எச்சரிக்கவில்லை, கம்பைலரும் எச்சரிக்கவில்லை. பெயர் சரியாக இருந்தால் இணைத்துவிடுவார்கள், முறை சரியா என்று யாரும் கேட்பதில்லை. வண்டி சூடாகும்போது, மின்விசிறி சுழல வேண்டிய சமயத்தில் மட்டும், சுழலாத பெட்டியைச் செய்து வைத்திருந்தோம்.

திருத்தம் ஒரே ஒரு சொல். அரை நிமிட வேலை.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படியே மன்னிப்புக் கேட்டேன். "கெட்டில் நல்ல கெட்டில்தான் சார்" என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார். மூன்று பதிவுக்கும் கீழே காரணத்தை மூன்று முறை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.